ஸ்க்ரம், அஜைல்: டீம்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஸ்டாண்ட்-அப் என்ற குறுங்கூட்டம் தினமும் நடக்கிறது, போர்டில் டிக்கெட்டுகள் நகர்கின்றன, ஆனாலும் ரிலீஸ் மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது. இந்த நிலையில் இருக்கும் டீம்களை மனத்தில் வைத்து எழுதிய பக்கம் இது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் இரண்டு பதில்களைப் படித்துவிட்டு, ‘டெஸ்டிங் மட்டும் பாக்கி’ என்ற கேள்விக்கு நேராகத் தாவலாம். பெரும்பாலான சிக்கல்களின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அஜைல், ஸ்க்ரம் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. அஜைல் என்பது வேலையை எப்படி அணுகுவது என்ற நிலைப்பாடு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதிய அறிக்கை அதன் அடிப்படை. அதில் 4 மதிப்புகளும் 12 கோட்பாடுகளும் உண்டு. ஸ்பிரின்ட் (ஒரு மாதத்துக்குள் முடியும் வேலைச் சுற்று), ஸ்டாண்ட்-அப் என்ற பேச்சே கிடையாது.

ஸ்க்ரம் என்பது வேலையைக் குறுகிய சுற்றுகளாகச் செய்யும் ஒரு சட்டகம். அது அந்த அறிக்கைக்கும் மூத்தது. ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வேபரும் 1995-இல் ஊப்ஸ்லா என்ற மென்பொருள் மாநாட்டில் அதை முன்வைத்தார்கள். பெயர் ரக்பி ஆட்டத்திலிருந்து வந்தது. புதுப் பொருளை உருவாக்கும் குழு, தொடர் ஓட்டக்காரர்கள்போலக் கைமாற்றிக்கொண்டு ஓடாமல் ரக்பி அணிபோலச் சேர்ந்து நகர வேண்டும் என்று டகேயுச்சியும் நோனகாவும் 1986-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதியிருந்தார்கள். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங், கான்பன் முதலியவையும் அஜைல் குடையின்கீழ் வருபவைதான்.

ஸ்க்ரமின் அதிகாரபூர்வக் கையேடு முதலில் 2010-இல் வந்தது. 2020 நவம்பர் பதிப்பு 13 பக்கம்தான். ‘ஸ்க்ரம்படி இது கட்டாயம்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் அதைத் திறந்து தேடிப் பாருங்கள். ஸ்டோரி பாயிண்ட் (வேலையின் அளவை ஒப்பிடும் எண்), யூசர் ஸ்டோரி (பயனர் பார்வையில் எழுதிய வேலை), வெலாசிட்டி (ஒரு ஸ்பிரின்ட்டில் முடியும் பாயிண்ட்) மூன்றும் அதில் இல்லை. பயனுள்ள கருவிகள்தான், ஆனால் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை.

அப்படியானால் கட்டாயமாக என்ன இருக்க வேண்டும்?

பொறுப்புகள் மூன்று: எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கும் பிராடக்ட் ஓனர், நடைமுறையைக் கவனிக்கும் ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள். இங்கே டெவலப்பர் என்றால் கோடு எழுதுபவர் மட்டும் அல்ல. டெஸ்டரும் டிசைனரும் அதில் அடக்கம். நிகழ்வுகள் ஐந்து: ஸ்பிரின்ட், அதற்குள் நடக்கும் பிளானிங், டெய்லி ஸ்க்ரம் (ஸ்டாண்ட்-அப் என்பதும் இதுதான்), ரிவ்யூ (செய்ததைக் காட்டிக் கருத்துக் கேட்பது), ரெட்ரோ (வேலை செய்த விதத்தைத் திரும்பிப் பார்ப்பது). கண்ணில் தெரிய வேண்டியவை மூன்று: பிராடக்ட் பேக்லாக் (செய்ய வேண்டியவற்றின் முழுப் பட்டியல்), ஸ்பிரின்ட் பேக்லாக் (அதில் இந்த ஸ்பிரின்ட்டுக்கு எடுத்தவை), இன்கிரிமென்ட். கடைசியாகச் சொன்னது, ஸ்பிரின்ட்டில் உருவாகிப் பயன்படுத்தத் தயாராக இருக்கும் மென்பொருள்.

டீமில் 10 பேர் அல்லது அதற்கும் குறைவாக இருப்பது நல்லது. காரணம் எளிய கணக்கு: 5 பேருக்குள் பேச வேண்டிய ஜோடிகள் 10, 10 பேருக்குள் 45, 14 பேருக்குள் 91.

வாட்டர்ஃபால் முறை தவறா?

ஒரு கட்டம் முழுதாக முடிந்த பிறகே அடுத்த கட்டம் என்று போவதுதான் வாட்டர்ஃபால். தேவை மாறாது, தொழில்நுட்பமும் பழகியது என்றால் தவறில்லை. தேவையைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், கடைசியில் நடக்கும் டெஸ்டிங்கில்தான் அது தெரியவரும் என்பதே அதன் ஆபத்து. இதில் வேடிக்கை ஒன்று உண்டு: வாட்டர்ஃபால் படத்துக்கு மூலம் என்று காட்டப்படும் வின்ஸ்டன் ராய்ஸின் 1970 கட்டுரையே, அப்படி நேர்க்கோட்டில் போவது ஆபத்து என்று எச்சரிக்கிறது.

ஸ்பிரின்ட் ஒரு வாரமா, இரண்டா, நான்கா?

மேல் வரம்பு ஒரு மாதம். பெரும்பாலான டீம்கள் இரண்டு வாரத்தில் நிற்கின்றன. ‘தவறான பாதையில் எத்தனை நாள் போனால் தாங்கும்?’ என்று கேட்டு முடிவு செய்யுங்கள். சந்தை வேகமாக மாறுகிறது என்றால் ஒரு வாரம். ஆனால் பழைய வசதிகள் கெடவில்லையா என்று கையால் சோதிக்கும் ரெக்ரஷன் டெஸ்டிங்குக்கே 4 நாள் ஆகிறது என்றால் ஒரு வார ஸ்பிரின்ட் நடக்காது. அப்போது ஸ்பிரின்ட்டை நீட்டுவது தற்காலிகப் பூச்சு; டெஸ்டை ஆட்டோமேட் செய்வதுதான் வைத்தியம்.

எதைத் தேர்ந்தாலும் குறைந்தது ஐந்தாறு ஸ்பிரின்ட் அதே நீளத்தில் ஓட்டுங்கள். ‘இன்னும் இரண்டு நாள் கொடுத்தால் முடித்துவிடுவோம்’ என்று ஒரு தடவை நீட்டிவிட்டால், அடுத்த தடவை நாலு நாள் கேட்பார்கள்.

இத்தனை கூட்டம் வைத்தால் வேலை எப்போது செய்வது?

ஒரு மாத ஸ்பிரின்ட்டுக்குக் கையேடு தரும் மேல் வரம்பு: பிளானிங் 8 மணி நேரம், ரிவ்யூ 4, ரெட்ரோ 3. டெய்லி ஸ்க்ரம் எப்போதும் 15 நிமிடம். இரண்டு வார ஸ்பிரின்ட்டுக்குப் பாதியாக வைத்துக்கொண்டால் 4 + 2 + 1.5, அதோடு பத்து நாள் டெய்லிக்கு 2.5, மொத்தம் 10 மணி நேரம். வேலை நேரம் 80 மணி என்றால் எட்டில் ஒரு பங்கு. அதுவும் உச்ச வரம்புதான், எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்கு அல்ல. உங்கள் காலண்டர் இதைவிட நிரம்பி வழிகிறது என்றால், ஸ்க்ரம் வந்த பிறகும் பழைய ஸ்டேட்டஸ் கூட்டங்களை யாரும் நிறுத்தவில்லை என்று பொருள்.

பிளானிங் மட்டும் நாள் முழுக்க இழுக்கிறதே?

வேலைகளை முதல் தடவையாகப் பிளானிங்கில் உட்கார்ந்து படிப்பதுதான் காரணம். ஸ்பிரின்ட்டின் நடுவில் வாரம் ஒரு மணி நேரம் ரீஃபைன்மென்ட்டுக்கு, அதாவது வரப்போகும் வேலைகளைப் படித்துத் தெளிவாக்குவதற்கு, ஒதுக்குங்கள். அடுத்த ஒன்றரை, இரண்டு ஸ்பிரின்ட்டுக்குப் போதுமான வேலைகள் தயாராக இருந்தால் போதும். ஆறு மாதத்துக்கான பேக்லாக்கை இப்போதே நுணுக்கி எழுதுவது வீண், பாதி மாறிவிடும்.

பிளானிங்கில் முதலில் ஸ்பிரின்ட் கோலைப் பேசுங்கள், டிக்கெட்டுகள் பிறகு. ‘12 டிக்கெட்டுகளை முடிப்பது’ கோல் ஆகாது. ‘கடவுச்சொல்லை மறந்தவர் உதவி மையத்தை அழைக்காமல் தானே உள்ளே வர வேண்டும்’ என்பது கோல். நடுவில் இடையூறு வந்தால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதை இரண்டாவது வாக்கியம் சொல்லிவிடும். முதல் வாக்கியம் சொல்லாது.

அடுத்தது கையிருப்பு நேரம். 6 பேர், 10 நாள் என்றால் 60 ஆள்நாள். விடுப்பு 4 போனால் 56. ஒருவருக்கு ஒரு நாளில் நிஜமாக வேலைக்குக் கிடைப்பது 5 மணி நேரம் என்று கொண்டால் 280 மணி. இதில் பழுது பார்க்கும் வேலைக்கு ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மீதிக்குத்தான் திட்டம் போட வேண்டும். 60-ஐ 8-ஆல் பெருக்கி 480 மணி என்று தொடங்கும் டீம், முதல் நாளிலேயே தோற்றுவிட்டது.

ஒரு ஸ்டோரி பாயிண்ட் என்றால் எத்தனை மணி நேரம்?

அப்படி மாற்றத் தொடங்கினால், பாயிண்ட்டை விட்டுவிட்டு மணி நேரத்திலேயே எழுதிவிடலாம். பாயிண்ட் ஓர் ஒப்பீடு: ‘இது அந்த வேலையைப்போல இரண்டு மடங்கு’. முயற்சி, சிக்கல், தெரியாத பகுதி மூன்றும் அதில் கலந்திருக்கும். 1, 2, 3, 5, 8, 13 என்று இடைவெளி கூடிக்கொண்டே போவதற்கும் அதுதான் காரணம்: பெரிய வேலையில் 12-க்கும் 13-க்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது.

எண் சீட்டு காட்டி வேலையை மதிப்பிடும் பிளானிங் போக்கரில் எல்லோரும் சீட்டை ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். மூத்தவர் முதலில் ‘மூணு’ என்று சொல்லிவிட்டால் மற்றவர்களும் மூணுக்கே போய்விடுவார்கள். ஒருவர் 2, இன்னொருவர் 13 காட்டினால் சராசரி எடுக்காதீர்கள். அந்த இருவரையும் பேசச் சொல்லுங்கள். 13 போட்டவருக்குப் பழைய டேட்டாவை மாற்ற வேண்டியிருப்பது தெரிந்திருக்கும், மற்றவருக்குத் தெரிந்திருக்காது. இந்த உரையாடலுக்காகத்தான் ஆட்டமே. எண் அதன் உபபொருள்.

பாயிண்ட்டை டீம்களுக்கிடையே ஒப்பிடும் வழக்கம் வந்தால் எண் வீங்கும்: நேற்று 3 ஆக இருந்த வேலை இன்று 5 ஆகிவிடும். ஸ்டோரி பாயிண்ட்டைத் தொடங்கிவைத்தவன் நானாக இருக்கலாம், அப்படியானால் வருந்துகிறேன் என்று, எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸே எழுதியிருக்கிறார்.

‘எப்போது முடியும்?’ என்று மேலிடம் தேதி கேட்டால்?

ஒரு தேதி சொல்லாதீர்கள், ஓர் இடைவெளி சொல்லுங்கள். கடந்த ஐந்து ஸ்பிரின்ட்டில் முடித்தவை 21, 26, 18, 24, 23 பாயிண்ட் என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 160. மிக நல்ல வேகத்தில் 160 ÷ 26, அதாவது 7 ஸ்பிரின்ட். மிக மோசமான வேகத்தில் 160 ÷ 18, அதாவது 9. இரண்டு வார ஸ்பிரின்ட் என்றால் 14 முதல் 18 வாரம். ஒவ்வொரு ஸ்பிரின்ட் முடிந்ததும் மறுபடி கணக்கிட்டுச் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கு ஒரே ஒரு நிபந்தனையில் நிற்கிறது: அந்த 21-உம் 26-உம் உண்மையிலேயே முடிந்த வேலையாக இருக்க வேண்டும். அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

‘டெவலப்மென்ட் முடிந்தது, டெஸ்டிங் மட்டும் பாக்கி.’ இதை முடிந்ததாகக் கணக்கில் சேர்க்கலாமா?

கூடாது. 8 பாயிண்ட் வேலை 90 சதவீதம் முடிந்திருந்தாலும் அந்த ஸ்பிரின்ட்டுக்கு அது பூஜ்யம். இரக்கமில்லாத விதிபோலத் தோன்றும். ஆனால் மீதி 10 சதவீதத்தில்தான் எதிர்பாராதவை ஒளிந்திருக்கின்றன: இன்னொரு சிஸ்டத்தோடு இணைக்கும்போது வரும் முரண்பாடு, நிஜ டேட்டாவின் அளவில் வரும் மந்தம், அனுமதி அமைப்பில் விடுபட்ட ஒரு வரி. 90 என்பது அளந்த எண் அல்ல, நம்பிக்கை.

இதற்காகத்தான் டெஃபினிஷன் ஆஃப் டன், சுருக்கமாக டி.ஓ.டி. எல்லா வேலைகளுக்கும் பொதுவான ஒரே பட்டியல் அது. ஒரு வெப் டீமுக்கு அது ஏறக்குறைய இப்படி இருக்கும்: எழுதாத இன்னொருவர் கோடைப் படித்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும், ஆட்டோமேட்டட் டெஸ்டுகள் எழுதப்பட்டு எல்லாம் பச்சையாக இருக்க வேண்டும், மெயின் பிராஞ்சில் சேர்ந்திருக்க வேண்டும், ஸ்டேஜிங்கில் (ரிலீஸுக்கு முந்தைய சோதனைச் சூழல்) நிறுவி அங்கே சோதித்திருக்க வேண்டும், பயன்படுத்துபவர் கவனிக்க வேண்டிய மாற்றம் என்றால் ரிலீஸ் குறிப்பு எழுதியிருக்க வேண்டும். ஐந்து வரி போதும். இருபது வரி எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அக்செப்டன்ஸ் கிரைட்டீரியாவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘இணைப்பு 30 நிமிடத்தில் காலாவதியாக வேண்டும்’ என்பது அந்த ஒரு ஸ்டோரிக்கு உரியது. டி.ஓ.டி. எல்லா ஸ்டோரிக்கும் உரியது.

பட்டியல் போட்ட பிறகும் முடியவில்லை என்றால் வேலையைத் தவறான திசையில் வெட்டியிருப்பீர்கள். ‘முதல் ஸ்பிரின்ட்டில் டேட்டாபேஸ், இரண்டாவதில் ஏ.பி.ஐ., மூன்றாவதில் திரை’ என்று அடுக்கடுக்காக வெட்டினால் மூன்று ஸ்பிரின்ட் முடியும்வரை காட்ட எதுவும் இருக்காது. மேலிருந்து கீழ்வரை மெல்லிய துண்டாக வெட்டுங்கள். ‘பில்லைப் பதிவிறக்கும் வசதி’ பெரிய வேலை என்றால், முதலில் கடைசி மாதத்துப் பில் மட்டும், பி.டி.எஃப். வடிவில் மட்டும். பிறகு பழைய மாதங்கள், அதன்பின் மொத்தமாகப் பதிவிறக்குவது. முதல் துண்டிலேயே டேட்டாபேஸும் திரையும் ஒன்றையொன்று தொட்டுவிடும். முரண்பாடு இருந்தால் முதல் வாரமே தெரிந்துவிடும்.

வேலைகள் எல்லாம் 9-ஆம் நாள் டெஸ்டரிடம் குவிவதும் இதே நோயின் இன்னொரு முகம். ஆறு டெவலப்பர்கள் முதல் நாளே ஆறு ஸ்டோரிகளைத் தொடங்கினால் ஆறும் ஒரே நேரத்தில்தான் வந்து சேரும். மூன்றை மட்டும் இருவர் இருவராக எடுத்தால் முதல் ஸ்டோரி 3-ஆம் நாளே டெஸ்டிங்குக்குப் போகும்.

முடியாமல் போன ஸ்டோரியை என்ன செய்வது?

பிராடக்ட் பேக்லாக்குக்குத் திரும்ப வேண்டும். அடுத்த ஸ்பிரின்ட்டில் அது தானாக இடம் பிடிக்காது. இன்னும் தேவையா என்று பிராடக்ட் ஓனர் பார்த்த பிறகுதான் வரும். பாதிப் பாயிண்ட் தரும் பழக்கம் வேண்டாம். முடியாததைக் குற்றமாக்கவும் வேண்டாம்: ‘வாக்குறுதி’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘முன்கணிப்பு’ என்று 2011-லேயே கையேட்டில் மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு ஸ்பிரின்ட்டிலும் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சுகிறது என்றால் மட்டும், அடுத்த தடவை அந்த அளவுக்குக் குறைவாக எடுங்கள்.

டெய்லி ஸ்க்ரம் வெறும் ஸ்டேட்டஸ் ஒப்பித்தலாக மாறிவிட்டது. எப்படி மீட்பது?

‘நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன’ என்ற மூன்று கேள்விகளையும் 2020 பதிப்பே கைவிட்டுவிட்டது. ஆள் ஆளாகப் போகாமல் போர்டை வலமிருந்து இடமாகப் படியுங்கள்: முடியப்போவது எது, அதை இன்றே முடிக்க யார் கை கொடுப்பது? பிறகுதான் அதற்கு இடப்பக்கம். மூன்று நாளாக ஒரே கட்டத்தில் நிற்கும் டிக்கெட்டை மட்டும் தனியே கேளுங்கள். நீண்ட விவாதம் வந்தால் சம்பந்தப்பட்ட இருவர் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு பேசிக்கொள்ளட்டும். எல்லோரும் மேனேஜரைப் பார்த்தே பேசுகிறார்கள் என்றால், மேனேஜர் ஒரு வாரம் வராமல் இருந்து பார்க்கலாம்.

ரிவ்யூவும் டெமோவும் ஒன்றா?

டெமோ ரிவ்யூவின் ஒரு பகுதி. காட்டிவிட்டுக் கைதட்டு வாங்கிக் கலைந்துவிட்டால் பாதிதான் நடந்தது. பார்த்தவர்கள் சொன்னதை வைத்துப் பேக்லாக்கில் எது மேலே ஏறுகிறது, எது நீங்குகிறது என்று அங்கேயே பேசி முடிக்க வேண்டும். ஸ்லைடு வேண்டாம், ஓடும் மென்பொருளைக் காட்டுங்கள். மவுஸைப் பயனர் கையிலேயே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. எங்கே தயங்குகிறார் என்பது சொல்லாமலே தெரியும்.

ஒவ்வொரு ரெட்ரோவிலும் அதே புகார்கள்தான் வருகின்றன.

பத்துத் தீர்மானம் போட்டு ஒன்றையும் செய்யாததால். ஒன்றே ஒன்றைத் தேர்ந்து, பெயர் போட்டு, அடுத்த ஸ்பிரின்ட் பேக்லாக்கில் ஒரு டிக்கெட்டாகவே வைத்துவிடுங்கள். ‘தொடர்பை மேம்படுத்துவோம்’ செய்யக்கூடியதல்ல. ‘கோடு ரிவ்யூ 24 மணி நேரத்துக்குமேல் காத்திருந்தால் சானலில் தானாக எச்சரிக்கை வர வேண்டும்’ என்பது செய்யக்கூடியது. அடுத்த ரெட்ரோவின் முதல் கேள்வி: அது நடந்ததா?

ஸ்பிரின்ட் நடுவில் புரொடக்‌ஷன் பக் வந்தால்?

பயனருக்கு வேலை ஓடவில்லை என்றால் கோட்பாடு பேசிக்கொண்டிருக்க முடியாது. எடுத்துச் சரிசெய்ய வேண்டியதுதான். ஆனால் இது வாடிக்கை என்றால் அதையும் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். கடந்த நான்கு ஸ்பிரின்ட்டில் இப்படி எத்தனை மணி நேரம் போனது என்று எண்ணிப் பார்த்து, அந்தச் சராசரியைக் காலியாக விடுங்கள். ஸ்பிரின்ட்டுக்கு ஒருவர் என்று முறைவைத்து அவரே முதலில் பார்க்கட்டும். மற்றவர்களின் கவனம் சிதறாது. அவசரம் அல்லாத ‘சின்ன மாற்றம்’ எல்லாம் பிராடக்ட் ஓனர் வழியாக அடுத்த ஸ்பிரின்ட்டுக்கு.

ஸ்பிரின்ட் கோலே அர்த்தமற்றுப் போனால் ஸ்பிரின்ட்டையே ரத்து செய்யலாம். அந்த அதிகாரம் பிராடக்ட் ஓனருக்கு மட்டும்.

ஸ்க்ரம் மாஸ்டரும் புராஜெக்ட் மேனேஜரும் ஒன்றா?

ஸ்க்ரம் மாஸ்டர் வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் அல்லர். தடையை நீக்குவதும், நடைமுறை உண்மையாக நடக்கிறதா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. பிராடக்ட் ஓனர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். குழு வைத்தால் எல்லாமே ‘முதல் முன்னுரிமை’ ஆகிவிடும். ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் இல்லாதவரை அந்த இடத்தில் வைத்தால் அவர் வெறும் டிக்கெட் எழுத்தர். பிராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர் இரண்டு பொறுப்பையும் ஒரே ஆளிடம் கொடுப்பதைத் தவிர்க்கவும்: கூடுதலாக வேண்டும் என்று கேட்பவரும், போதும் என்று தடுப்பவரும் ஒருவரே என்றால் எப்போதும் கேட்பவர்தான் ஜெயிப்பார்.

எங்கள் டீமுக்குக் கான்பன் பொருந்துமா?

எந்த வேலை எப்போது வரும் என்று தெரியாத சப்போர்ட், ஆபரேஷன்ஸ் டீம்களுக்கு ஸ்க்ரமைவிடப் பொருந்தும். அங்கே ஸ்பிரின்ட் கிடையாது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே நேரத்தில் எத்தனை வேலை இருக்கலாம் என்ற வரம்புதான் உயிர். வரம்பில்லாத கான்பன் போர்டு வெறும் சுவர் அலங்காரம்.

வரம்பு ஏன் வேலை செய்கிறது என்பதை ‘லிட்டில் விதி’ காட்டும்: கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை முடியும் வேகத்தால் வகுத்தால் ஒரு வேலைக்கு ஆகும் சராசரி நேரம். கையில் 12, வாரத்துக்கு 6 முடிகிறது என்றால் 2 வாரம். வேகம் அப்படியே இருக்க, கையில் 6 மட்டும் வைத்தால் 1 வாரம். யாரும் கூடுதலாக உழைக்கவில்லை. வேலை வரிசையில் நிற்கும் நேரம்தான் குறைந்தது.

விலையும் வேலைப் பட்டியலும் முன்பே எழுதிய ஒப்பந்தத்தில் ஸ்க்ரம் செய்யலாமா?

செய்யலாம், சிரமத்தோடு. புதிய தேவை ஒன்று உள்ளே வந்தால் அதே அளவுள்ள, இன்னும் தொடங்காத ஒன்று வெளியே போகும் என்ற விதியை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ‘முடிந்தது’ என்பதற்கான வரையறையையும் இணைப்பாகச் சேருங்கள். பணம் எப்போது என்ற சண்டை பெரும்பாலும் அந்தச் சொல்லின் பொருளைச் சுற்றித்தான் வரும்.

பல டீம்கள் சேர்ந்து ஒரே பொருளைச் செய்தால்?

நெக்ஸஸ், லெஸ், சேஃப் என்று தனிச் சட்டகங்கள் உண்டு. அவற்றைத் தொடுவதற்கு முன் டீம்களை எப்படிப் பிரித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். டேட்டாபேஸ் டீம், ஏ.பி.ஐ. டீம், திரை டீம் என்று பிரித்திருந்தால் எந்த வசதியும் மூன்று டீமைக் கடந்துதான் வெளியே வரும். மூன்று வரிசையிலும் காத்திருக்கும். ஒவ்வொரு டீமும் ஒரு வசதியைத் தனியே முழுதாகக் கொண்டுவரும்படி ஆட்களைக் கலந்தாலே பாதி ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் தேவையற்றுப் போகும். பொருள் ஒன்று என்றால் பிராடக்ட் பேக்லாக்கும் ஒன்றுதான், டீம் எத்தனை இருந்தாலும்.

சான்றிதழ் எடுக்க வேண்டுமா?

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உதவலாம். பி.எஸ்.எம். (ப்ரொஃபெஷனல் ஸ்க்ரம் மாஸ்டர்) முதல் நிலைத் தேர்வில் 60 நிமிடத்தில் 80 கேள்விகள், தேர்ச்சிக்கு 85 சதவீதம். வகுப்புக்குப் போகாமலே எழுதலாம், காலாவதி ஆகாது. சி.எஸ்.எம். (சர்ட்டிஃபைடு ஸ்க்ரம் மாஸ்டர்) பெற வகுப்பு கட்டாயம்; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எதற்குத் தயாரானாலும் கையேட்டின் அந்த 13 பக்கத்தை மூன்று தடவை படித்துவிட்டு மாதிரித் தேர்வுக்குப் போங்கள். தோற்பவர்கள் பலர், தங்கள் அலுவலக வழக்கத்தையே ஸ்க்ரம் என்று நினைத்துப் பதில் எழுதுபவர்கள்.